மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதை மீட்புக்கான நம் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1926-இல் ஓடத் தொடங்கிய நம் பாதைக்கு இது நூறாவது ஆண்டு. 1986-இல் வண்டி நின்றது. முப்பது கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் எல்லாம் அதனால் ரயில் பார்த்த ஊர்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் இன்னும் இருக்கிறது. அந்த நிலம் எங்கே, எவ்வளவு, எந்த நிலையில் இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துப் பதிவு செய்ததுதான் இந்த ஆண்டு நாம் செய்த முக்கியமான வேலை.

நடைப்பயணத்தைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பகுதி பகுதியாக முடித்தோம். சம்பா அறுவடை முடிந்த பிறகு போனதால் வயலோரம் இறங்கி நடப்பதில் சிரமம் இல்லை. மாயவரம் (மயிலாடுதுறை) நகருக்குள்தான் தடம் பிடிப்பது கஷ்டம். மன்னம்பந்தலைத் தாண்டிவிட்டால், இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒரே நேராகப் போகும் மேடு என்று பல இடங்களில் கண்ணுக்கே தெரிகிறது. சில இடங்களில் அதை வண்டிப்பாதையாக வைத்திருக்கிறார்கள். வைக்கோல் காய்கிறது. சில இடங்களில் சீமைக்கருவேலம் மண்டி உள்ளே கால் வைக்க முடியவில்லை.

வாய்க்கால்களைத் தாண்டும் இடங்களை எல்லோரும் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். ஆக்கூர்ப் பக்கம் ஒரு சின்ன வாய்க்காலின் இரு கரையிலும் செங்கல் கட்டுமானம் அப்படியே நிற்கிறது. மேலே இருந்த இரும்பு இல்லை. ஊர்க்காரர்கள் இரண்டு பனைமரத்தைக் குறுக்கே போட்டுக் கடக்கிறார்கள். நம்மோடு வந்த கொத்தனார் உறுப்பினர் பூச்சைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டு, இன்னும் இளகவில்லை என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் புதரை விலக்கி பிளாட்பாரத்து விளிம்புக் கல்லைக் காட்டினார். அவர் காட்டியிராவிட்டால் அதன் மேலேயே நடந்து போயிருப்போம். இப்படிப்பட்ட பெரியவர்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பதிவு செய்த குரல்களை நம் கணினியில் ஊர்வாரியாகச் சேர்த்திருக்கிறோம்.

கண்ட ஒவ்வொரு எல்லைக் கல்லையும் படம் எடுத்து, இருக்குமிடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டோம். அப்புறம் கிராமக் கணக்கையும், நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புல வரைபடத்தையும் வைத்து ஒப்பிட்டோம். நாம் தயாரித்த வரைபடத்தில் பச்சை காலியான நிலம், மஞ்சள் சாகுபடியில் இருக்கும் நிலம், சிவப்பு வீடு கட்டிய இடம். பச்சையும் மஞ்சளும்தான் அதிகம் என்பது பெரிய நிம்மதி. சிவப்புப் பகுதி பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை எழுப்பச் சொல்லி நம் சங்கம் ஒருநாளும் மனுக் கொடுக்காது. அந்த இடங்களில் பாதையைச் சற்று விலக்கிப் போடும்படிதான் கேட்போம் என்று முடிவானது. என் சொந்தக் கருத்தும் அதுதான்.

இது நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நம் அக்கம்பக்கத்தைத்தான் காட்ட வேண்டும். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் பாதையும் இதே மாதிரி கிடந்ததுதான். 2023 ஏப்ரலில் அகலப்பாதையாகத் திறந்தார்கள். 1898-இல் வந்த பேரளம் – காரைக்கால் பாதை நம்முடையதைப் போலவே எண்பதுகளில் மூடப்பட்டது. அதையும் மறுபடி போட்டு 2025-இல் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். மேற்கே போடிநாயக்கனூருக்கு 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. ஆக, மூடிய பாதை மூடியதுதான் என்ற பேச்சு இனி எடுபடாது.

ஆனால் நம் கோரிக்கையை நாம் சரியாக வைக்க வேண்டும். தரங்கம்பாடியோடு முடிந்துபோன கிளைப்பாதை பஸ்ஸோடு போட்டி போட முடியவில்லை. அதே முப்பது கிலோமீட்டரை மட்டும் கேட்டால் அதே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அதனால் தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்கும் நீட்டிக்கச் சொல்கிறோம். காரைக்காலிலிருந்து நாகூருக்கு 2011-லேயே பாதை வந்துவிட்டதால், நம் பாதை கடலோரத்தோடு இணைந்துவிடும். பேரளம் வழி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். அந்த வழி திருநள்ளாறு போகிறவர்களுக்கு உதவும். செம்பனார்கோவிலுக்கும் பொறையாருக்கும் அதனால் என்ன பயன்? அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் குடும்பம் குடும்பமாகத் திருக்கடையூர் வருகிறவர்கள் இன்று மாயவரத்தில் இறங்கி வேன் பிடிக்கிறார்கள். மன்னம்பந்தலிலும் பொறையாரிலும் கல்லூரிகள். மாவட்ட ஆட்சியரகமும் இப்போது மன்னம்பந்தலில்தான். தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. கடலோரம் இருக்கும் தரங்கம்பாடிக்கு ரயில் போக அதைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே மேம்பாலத்துக்கு இடம் விட்டு வைக்கும்படி தனி மனு தயாராக இருக்கிறது.

வரைபடத்தின் நகலோடு மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுத்தோம். திருச்சிக் கோட்ட மேலாளருக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டியது. மேல்முறையீடு செய்திருக்கிறோம்.

இந்தப் பாதையில் கேங்மேனாக (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக) வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினர் தை மாதம் காலமானார். எந்தப் பாலத்துக்கு எந்த எண் என்று நமக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். அவர் சொல்லிய பட்டியலை வரைபடத்தில் சேர்த்திருக்கிறோம். கூட்டத்தில் அவருக்கு மௌன அஞ்சலி செலுத்தப்படும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரைபட நகலுக்குத்தான் அதிகம் செலவானது.

வரும் ஆண்டில் நூற்றாண்டை ஒட்டிப் பழைய டிக்கெட், புகைப்படம், கால அட்டவணை எது யார் வீட்டில் இருந்தாலும் இரவல் வாங்கி, தரங்கம்பாடியிலும் செம்பனார்கோவிலிலும் கண்காட்சி வைக்க எண்ணம். காரைக்கால் பக்கம் தடம் எங்கே போகலாம் என்று பார்க்க ஒரு குழு வேண்டும். புல வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்களும் கூட்டம் கலைவதற்குள் பொருளாளரைப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்