திரையில் வரும் வைரஸ் எச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றதும் பதறிப்போய் அதைக் கிளிக் செய்து, பணம் கட்டுகிறவர்கள் பலர். பெரும்பாலும் அங்கே வைரஸே இருக்காது. 'ரோபோ இல்லை என்றால் அலோ பட்டனை அழுத்துங்கள்' என்று ஏதோ ஒரு இணையதளம் கேட்டிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். அன்றே நம் திரையில் அறிவிப்பு காட்டும் உரிமை அந்தத் தளத்துக்குப் போய்விட்டது. கணினிக்குள் கெட்ட கோப்பு எதுவும் இறங்காததால், எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் சிக்காது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாதவற்றை நீக்குங்கள். இரண்டு நிமிட வேலை.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நாம் மனிதர்தானா என்று சோதிப்பதுபோல ஒரு பக்கம் திறக்கும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்லும், அடுத்து கன்ட்ரோலும் வி-யும், கடைசியாக என்டர். அந்தப் பக்கம் ஒரு கட்டளையை நமக்குத் தெரியாமலே கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தவை தங்கும் இடத்தில், வைத்துவிடுகிறது. விண்டோஸும் ஆரும் திறக்கும் ரன் பெட்டியில் அதை ஒட்டி ஓடவிடுவது நம் கைதான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் நொடிகளில் திருடுபோகலாம். ஒழுங்கான எந்தத் தளமும் இப்படிக் கேட்காது. வீட்டில் எல்லோருக்கும் இதையாவது சொல்லிவையுங்கள்.

அந்த பட்டன்களைத் தெரியாமல் அழுத்திவிட்டால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி தானே அணைந்து எழுந்து, சுமார் 15 நிமிடம் தேடும். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதியதும் பறிபோகக்கூடும்.

வீட்டுக்கு டிஃபென்டரே போதும் என்பது எங்கள் கருத்து. கணினியோடு வந்த வேறு ஆன்டிவைரஸின் காலம் முடிந்திருந்தால் அதை முழுதாக நீக்குங்கள், டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும். இரண்டை ஒன்றாக ஓடவிட்டால், திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கப் போய்க் கணினி திணறும். ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிவரும் டூல்பார்களை அது பெருமளவு நிறுத்தும். திருட்டு மென்பொருளை நிறுவ 'ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்று எழுதியிருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற கெட்ட மென்பொருள் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள்.

படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அந்த நகலையும் பூட்டிவிடும்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்போர் சிலர்