ட்ரோன் ரிப்பேரும் பூஞ்ச் பையனும்

காட்பாடி,
20.7.2025

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பேத்திக்குக் கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைத்தது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். ஆடி பிறந்தும் வேலூர் வெயில் வேலூர் வெயிலாகத்தான் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் கடைக்கு ஒன்றும் குறைவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "சண்டை நடந்த நேரத்தில் முன்பின் தெரியாத பையன்களுக்கு ட்ரோன் ரிப்பேர் செய்து கொடுத்தாயே, உனக்கு பயமாக இல்லையா?" போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டி.வி. ரிப்பேர் படுத்த பிறகு இந்தக் கல்லூரிப் பையன்களால்தான் கடை ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். ஏரிக்கரையில் பறக்கவிட்டு மரத்தில் மோதி, கை உடைந்த ட்ரோனைத் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். பெரும்பாலும் சின்ன வேலைதான். மோட்டார் பேரிங்கில் மண் ஏறியிருக்கும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. கருகியிருக்கும், கார்பன் தூள் விழுந்து போர்டு ஷார்ட் ஆகியிருக்கும். மோட்டார் எதிர்த் திசையில் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் பற்றவைத்தால் போதும். ரேடியோ காலத்தில் நம் முதலாளி சொல்லிக்கொடுத்த சால்டரிங்தான் இன்றும் சோறு போடுகிறது.

பையன் எப்படிப்பட்டவன் என்பது பொருளை மேஜையில் வைக்கும்போதே பாதி தெரிந்துவிடும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுக் கொண்டுவருகிறானா என்று பார்ப்பேன். பேட்டரியை மாட்டும்போது மோட்டார் திடீரென்று சுற்றினால் விரல் போய்விடும். கழற்றிவிட்டு வருகிறவன், அதைத் தொடப்போகும் இன்னொருவனுடைய விரலையும் நினைத்துப் பார்த்தவன்.

இந்தப் பூஞ்ச் பையன் அப்படி வந்தவன். ஜம்மு காஷ்மீரில் எல்லையை ஒட்டி இருக்கிறதே, அந்த பூஞ்ச்தான். மூன்றாம் வருடம் படிக்கிறான். வடநாட்டு நோயாளிகள் வருகிற சி.எம்.சி. ஆஸ்பத்திரி புண்ணியத்தில் வேலூர்க் கடைக்காரர்கள் எல்லோருக்கும் கொஞ்சம் இந்தி வரும். அதை வைத்துத்தான் பேச்சு. அவனுடைய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளில் ஒன்றுகூட உப்பியிருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டி, செல்லுக்கு 3.8 வோல்ட் என்று சேமிப்பு அளவில் வைத்திருந்தான். முழுசாக ஏற்றி 4.2-லேயே வெயிலில் போட்டு வைக்கிற பையன்களைத்தான் நான் நாள்தோறும் பார்க்கிறேன். பனியில் பாதை அடைபட்டால் மலைக் கிராமங்களுக்கு மருந்துப் பொட்டலம் கொண்டுபோய்ப் போடுவது அவனுடைய புராஜெக்ட். அதற்கு ஒரு கொக்கி வேண்டும் என்றான். சின்ன செர்வோ மோட்டார், ஒரு ஊசி, அதை இழுத்தால் கயிறு நழுவும், அவ்வளவுதான். ஏப்ரலில் செய்து மேஜையில் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ல் நம் ராணுவம் திருப்பி அடித்தது. அன்றைக்கே பூஞ்சில் குண்டு விழுந்து பொதுமக்கள் பலர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. மறுநாள் ராத்திரி எல்லை நெடுக பாகிஸ்தான் ட்ரோன்கள் வந்தன. 36 இடங்களில் 300-லிருந்து 400 வரை என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு என் மேஜையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. எல்லை தாண்டி வந்தவை ராணுவத்துக்கென்றே செய்தவை, சரி. ஆனால் உக்ரைனில் டாங்கியை உடைப்பவற்றில் பல, பையன்கள் பந்தயம் விடுகிற வகைதான். அதே பிரஷ்லெஸ் மோட்டார், அதே கார்பன் சட்டம். புரொப்பல்லர் கொஞ்சம் பெரிசு. அந்தக் கொக்கியிலும் மருந்துதான் தொங்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை.

டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. "பூஞ்ச்னா அந்தப் பக்கந்தானே? எதுக்கு வம்பு, ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லி வை" என்றார்கள். கெட்ட மனசோடு சொல்லவில்லை, எனக்காகப் பயந்து சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் ஓடாமல் இல்லை. அதனால் கையில் இருக்கிற வேலையைச் செய்தேன். அவன் ட்ரோனுக்கு மூளை மாதிரியான ஃப்ளைட் கன்ட்ரோலரில் இருந்த எஸ்.டி. கார்டை எடுத்து லாப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறை பறந்ததும் அதில் பதிவாகியிருக்கும், எங்கே, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் எல்லாம். கல்லூரி மைதானம், கழிஞ்சூர் ஏரி ஓரம், மறுபடி மைதானம். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம் என்கிற பச்சைப் பகுதியில் சட்டம் 400 அடி வரை விடுகிறது. இவன் அதில் பாதிகூடப் போகவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து போன். வீட்டிலிருந்து பேச்சு வந்ததா என்று கேட்டேன். எல்லோரும் ஒரு மாமா வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார்களாம். வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடிவிட்டதால் ஊருக்குப் போக வழியில்லை. அப்புறம் அவனாகவே சொன்னான்: "அங்கிள், அந்தக் கொக்கியை இப்போ மாட்டாதீங்க. ட்ரோனும் உங்க கடையிலேயே பூட்டி இருக்கட்டும். சண்டை முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்." கார்டைப் பார்த்ததை அவனிடம் மறைக்கவில்லை. "அப்போ மூணாவது ஃப்ளைட்ல ஏன் சாய்ஞ்சு விழுந்துச்சுன்னும் பாத்து சொல்லுங்க" என்றான். வலப்பக்க முன் மோட்டாரில்தான் கோளாறு. சொன்னேன்.

அந்த ராத்திரி நம் முதலாளி ஞாபகம் வந்தது. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டை திப்பு மஹாலிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பித்துப் போன பிறகு, ஊர் எப்படி மாறிப்போனது பார்த்தாயல்லவா. கோட்டைச் சிறப்பு முகாமில் அடைபட்டிருந்தவர்கள் வேறு, மேல்மொணவூர் இலங்கை அகதி முகாமில் குடும்பத்தோடு இருந்தவர்கள் வேறு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணப் பேச்சு காதில் விழுந்தாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளி மட்டும் அந்தப் பையன்களின் டிரான்சிஸ்டரை வாங்கி, வேறு வேலையை ஓரம் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் செய்தார். ராத்திரி பி.பி.சி. தமிழோசை கேட்காவிட்டால் ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்களா இல்லையா என்று எப்படித் தெரியும் என்பார். நீ பேண்டு சுவிட்சைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கும் மறந்திருக்காது.

இன்னொருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கம்மவான்பேட்டைப் பையன் ஒருவன் நெடுநாளாகக் கடைக்கு வருகிறவன். வீட்டுக்கு வீடு ராணுவம் என்று பேர் வாங்கிய ஊர் அது. இவன் அண்ணனும் அப்போது எல்லையில்தான் இருந்தான். இரண்டு நாளாக அண்ணனிடமிருந்து போன் இல்லை. மேஜையில் இருந்த கொக்கியைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க, ஒரு கிலோ தாங்கணும்" என்றான். எதற்கு என்று கேட்டேன். முதலில் பதில் இல்லை. பிறகு, இங்கே வந்து படிக்கிற "அவங்க" தங்கியிருக்கிற இடத்தைச் சொல்லி, "சும்மா பயமுறுத்தத்தான்" என்றான். கண் சிவந்திருந்தது, தூங்கியே இருக்கவில்லை. மாட்டேன் என்றேன். "அவனுக்குச் செய்வீங்க, எனக்கு மாட்டீங்களா? என் அண்ணன் யாருக்காக அங்க நிக்கிறான்?" என்று கத்தினான். உனக்கு மட்டுமில்லை, சண்டை ஓய்கிற வரைக்கும் யாருக்கும் இந்தக் கொக்கி கிடையாது, அவனுக்கும் கிடையாது என்றேன். அவன் நம்பவில்லை. ட்ரோனைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

நண்பா, பயமாக இல்லையா என்று கேட்டாயே. அன்றைக்குப் பயந்தேன், ஆனால் ஊர் என்னைப் பயப்படச் சொன்ன பையனைப் பார்த்து இல்லை. இதை ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன் என்று எடுத்துக்கொள்ளாதே. கம்மவான்பேட்டைப் பையன் நல்ல பிள்ளை, நான் வளரப் பார்த்தவன். சண்டை அவன் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இருபது வயதில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்குத் தெரியும்? எந்த ஊர், என்ன பேர் என்று கேட்டுப் பொருளை வாங்குகிறவனாக என்னால் ஆக முடியாது. எதற்கு என்று மட்டும் கேட்பேன். பதில் சரியில்லை என்றால் யாராக இருந்தாலும் வேலை நடக்காது. இப்போது நோட்டில் ட்ரோனின் பதிவு எண்ணையும் எழுதி வாங்குகிறேன். நம் பையன்கள் முணுமுணுக்கிறார்கள், பழகிவிடுவார்கள்.

மே 10 சாயங்காலம் சண்டை நின்றது. பூஞ்ச் பையன் ஊருக்குப் போய்விட்டு இந்த மாதம்தான் திரும்பி வந்தான். வீட்டுச் சுவர் ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. கொக்கியை மாட்டிக் கொடுத்துவிட்டேன். ஏரியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கட்டிப் போட்டுப் பார்த்தோம், பிசகவில்லை.

மற்றவனுடைய ட்ரோன் இன்னும் கடையில்தான் இருக்கிறது. ரிப்பேர் முடித்து, பேட்டரியைச் சேமிப்பு அளவுக்கு இறக்கி வைத்திருக்கிறேன். அவன் அண்ணன் லீவில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் ஊர் இருக்கிற கணியம்பாடிப் பக்கம் போகிற வேலையும் இருக்கிறது. அப்படியே வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அண்ணனையும் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அவன் அப்பாவுக்கு உன்னைத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வர முடியுமானால் சேர்ந்தே போவோம். வருகிறாயா இல்லையா என்பதை மட்டும் போனில் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்