கொங்கு நாட்டு டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

சங்ககிரியில் 28 வருசம் லாரி ஓட்டினவன் நான். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கிளட்ச்சையும் சேர்த்து மிதிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

போன மாதம் வால்பாறையிலிருந்து இறங்கினோம். 40 கொண்டை ஊசி வளைவுள்ள பாதை. ஓட்டியது என் அக்கா மகள், லைசென்ஸ் வாங்கி நாலு மாதம். பக்கத்து சீட்டில் கண்ணசந்திருந்த என்னை எழுப்பியது கருகல் வாடை. ஒன்பதாம் வளைவை நெருங்கியிருந்தோம். கீழே ஆழியாறு அணை தெரிந்தது.

"மாமா, பிரேக்கு உள்ள போகுதுங்க."

குனிந்து பார்த்தால் நாலாவது கியர். இரண்டு காலும் இரண்டு பெடலை அடிவரை அமுக்கியிருந்தன.

"கிளட்ச்ச விடு அம்மிணி."

"வண்டி ஆஃப் ஆயிருமுங்க!"

ஆகாது என்று சொல்லி விடவைத்தேன். மூணு, அப்புறம் ரெண்டு. இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரச் சூடு தணிய முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் கை நடுக்கம் அடங்கவே இல்லை.

அவள் மேல் தப்பில்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தாள். மைதானத்தில் 8 போட அது உதவும். இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் பிடி விட்டுப்போகிறது, மொத்தப் பாரமும் சக்கரத்தை உரசிப் பிடிக்கிற பிரேக் லைனர் தலையில் விழுகிறது. லைனர் சூடேறினால் பிடிக்காது. ஈரம் கோத்த பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாக அமுங்கும். நியூட்ரலில் விட்டாலும் இதே கதிதான். டீசலும் மிச்சமாகாது, இப்போதைய இன்ஜின் ஆக்சிலேட்டரை விட்டு கியரில் உருளும்போதுதான் டீசல் வரத்தை நிறுத்துகிறது.

வளைவுக்கு முன்னால், பாதை நேராக இருக்கும்போதே பிரேக் தொட்டு வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு கிளட்ச், கீழ் கியர். கிளட்ச்சை விடும்முன் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு. இன்ஜின் சுற்று ஏறி சக்கரத்தோடு ஒத்துப்போகும், வண்டி குலுங்காது. அப்புறம் இடது காலைக் கிளட்ச்சிலிருந்து முழுசாக எடுத்துவிட வேண்டும். நிற்கப் போகிற கடைசி நொடியில் மட்டும் மறுபடி மிதித்தால் போதும். பழைய லாரிகளில் இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவில் நியூட்ரலில் ஒரு ரேஸ் கொடுக்காமல் கியரே விழாது. அதனால் எங்களுக்கு இது தானாகப் படிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

இது நானாகக் கேட்பதும் இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியைப் பாருங்கள். இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாறவும், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் நிறுத்தி எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. என் அக்கா மகளிடம் இரண்டையும் ஒருவரும் கேட்கவில்லை.

வால்பாறைக்கோ திம்பத்துக்கோ போக வேண்டாம். சென்னிமலை, சிவன்மலை, மருதமலை, திருச்செங்கோடு என்று கார் ஏறும் கோயில் மலைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கூட்டமில்லாத வாரநாள் காலையில் ஆளுக்கு ஒரு தடவை ஏறி, ஏறின கியரிலேயே இறங்க வையுங்கள். பக்கத்து சீட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.