கோடிங் சான்றிதழில் ஒட்டியிருக்கும் 'ஏ'

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரித் தேர்வுகள் முடிந்ததும் 'மெடிக்கல் கோடிங் படித்தால் உடனே வேலை' என்ற விளம்பரங்கள் கிளம்பிவிடுகின்றன. மருத்துவர் குறிப்பில் உள்ள நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றும் வேலை இது. பி.பார்ம், நர்சிங், பிசியோதெரபி, நுண்ணுயிரியல் முடித்தவர்கள் பணம் கட்டிச் சேருகிறார்கள். சான்றிதழால் பலன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. ஆனால் எந்தச் சான்றிதழ் எழுதுவது, வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைப் பலரும் கேட்டுக்கொள்வதில்லை.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நடக்கும் கோடிங் வேலை பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கானது. ஆகவே அந்நாட்டின் ஏஏபிசி, அஹிமா அமைப்புகள் தரும் சான்றிதழ்களுக்குத்தான் மதிப்பு. பயிற்சி மையம் தானே அச்சடித்துத் தருவது அதற்கு ஈடாகாது.

பலரும் எழுதுவது ஏஏபிசியின் சிபிசி தேர்வு. 4 மணி நேரத்தில் 100 கேள்விகள், 70 சரியானால் தேர்ச்சி. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றாலும் ஒரு கேள்விக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம்கூட இல்லை. சிகிச்சைகளுக்கான சிபிடி குறியீடுகள் ஜனவரி 1-லும் நோய்களுக்கான ஐசிடி குறியீடுகள் அக்டோபர் 1-லும் மாறுவதால், சீனியர் கொடுத்த பழைய புத்தகத்தை நம்பிப் போகக் கூடாது.

இந்தப் படிப்பு வேலையில் எங்கே கைகொடுக்கிறது? மருத்துவர் குறிப்பில் டைப் 2 சர்க்கரை நோய் என்று ஒரு வரியிலும், மூன்று-ஏ நிலை நாள்பட்ட சிறுநீரக நோய் என்று இன்னொரு வரியிலும் இருக்கும். வழிகாட்டி விதிகளைப் படிக்காதவர் சர்க்கரைக்கு, வேறு பாதிப்பு இல்லாத நிலைக்கான இ11.9 போட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவரே எழுதாதவரை தொடர்பு இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. எனவே சர்க்கரையால் வந்த நாள்பட்ட சிறுநீரக நோய்க்கான இ11.22, அதோடு அந்நோயின் நிலையைக் காட்டும் என்18.31. இப்படிப்பட்ட பிழைகள்தான் ஆடிட்டில் (செய்த வேலையின் தணிக்கையில்) மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. ஆடிட் மதிப்பெண் நிலையாக இருப்பவருக்குத்தான் க்யூஏ (தரச் சரிபார்ப்பு) பதவி கைகூடுகிறது.

மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறும் நோயாளிகளின் கோடிங்குக்குப் போக விரும்புபவருக்கு சிபிசி போதாது. அதில் உள்நோயாளி சிகிச்சை முறைகளுக்கான ஐசிடி-10-பிசிஎஸ் குறியீடுகள் கிடையாது. அவர் சிஐசி அல்லது சிசிஎஸ் தேர்வு எழுத வேண்டும். நோயாளியின் நோய்ச்சுமையைக் கணக்கிட உதவும் எச்சிசி பிரிவில் இருப்பவருக்கு சிஆர்சி பொருந்தும்.

அனுபவம் இல்லாமல் தேறியவருக்கு முதலில் கிடைப்பது சிபிசி-ஏ. அந்த 'ஏ' பயிற்சி நிலையைக் குறிக்கும். இரண்டு ஆண்டு அனுபவத்தைக் காட்டினால் அதை நீக்கலாம். 80 மணி நேரப் பயிற்சிக்குச் சான்று இருந்தால் ஓராண்டு அனுபவம் போதும். இரண்டு ஆண்டு வழியில் அனுபவத்தை உறுதிசெய்யும், கையொப்பமிட்ட இரு கடிதங்கள் தேவை, ஒன்று நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் 'ஏ'யோடே வேலை பார்ப்பவர்கள் ஏராளம். மேற்பதவி நேர்காணலில் அந்த ஓரெழுத்து உறுத்தும். சான்றிதழைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுக்கு 36 சிஇயூ (தொடர்கல்வி) புள்ளிகளும் சேர்க்க வேண்டும். இது 'ஏ' உள்ளவருக்கும் பொருந்தும்.

வேலையை விட்ட பிறகு 'ஏ'யை நீக்கத் தேவையான அனுபவக் கடிதம் வாங்குவது பெரும்பாடு. டீம் லீடர் மாறியிருப்பார், எச்.ஆர். மின்னஞ்சலுக்குப் பதில் வராது. எந்தெந்தக் குறியீட்டுத் தொகுப்புகளில், எத்தனை காலம் வேலை செய்தார் என்பதைக் குறிப்பிட்டு, ரிலீவிங் ஆர்டரோடு இந்தக் கடிதத்தையும் நிறுவனங்கள் தாமாகவே கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

— மருத்துவக் கோடிங் பணியாளர்கள் சிலர், சென்னை