வியன்னாவில் இருக்கும் மகளுக்கு

யார்வென்பா, பின்லாந்து,
செப்டம்பர் 22

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. போன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வேலை இருக்கும், புரிகிறது. அங்கேயும் காலையில் குளிரத் தொடங்கியிருக்கும். கையுறை இல்லாமல் வெளியே போகாதே.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சத்தம், தூக்கமே இல்லை. அப்போதுதான் ஐனோலா ஞாபகம் வந்தது, நம் ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிற இசையமைப்பாளர் சிபேலியஸின் வீடு. தண்ணீர்ச் சத்தம் தொந்தரவு என்று சிபேலியஸ் இருந்தவரை அந்த வீட்டுக்குள் குழாயே போடவில்லையே. 1904இல் குடிபோனார்கள், 1957இல் அவர் இறந்தார். அவ்வளவு வருஷமும் குழாயில்லாமல் அவர் மனைவி ஐனோ குடித்தனம் நடத்தியிருக்கிறார். இந்த மாதத்தோடு மூடிவிடுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன்.

சாப்பாட்டு அறையில் அதே பச்சைக் கணப்பு. அந்தப் பச்சை நிறம் அவருக்கு எஃப் மேஜர் என்ற ஸ்வர வரிசையாகக் கேட்டது என்று சொன்னதும், அப்படியானால் டி மைனர் என்ன நிறம் என்று வழிகாட்டியை நீ குடைந்து எடுத்தாயே, எட்டு வயதில். பிறகு அவருடைய டி மைனர் வயலின் கான்செர்ட்டோவையே நீ வாசித்தபோது அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

சிபேலியஸும் வயலின் வித்வானாக வேண்டும் என்றுதானே கிடந்தார். பதினாலு, பதினைந்து வயதில்தான் ஒழுங்காகக் கற்கத் தொடங்கினார். நீ ஐந்து வயதில் தொடங்கினாய். 1891 ஜனவரியில், நீ இருக்கிற அதே ஊரில், வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் சேர வாசித்துக் காட்டினார். பதற்றத்தில் வாசிப்பு கெட்டுப்போயிற்று, எடுத்துக்கொள்ளவில்லை. அறைக்கு வந்து அழுதார். அப்புறம் பியானோ முன்னால் உட்கார்ந்து ஸ்கேல் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஹெல்சிங்கியில் அவர் இசையமைத்த ‘குல்லெர்வோ’ அரங்கேறியது. இதை எதற்கு இப்போது எழுதுகிறாள் என்று நினைக்காதே. அங்கே போய்விட்டு வந்ததால் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். சித்தி என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

தாத்தாவின் வயலினை ஜன்னல் பக்கம் வைக்காதே. யாரிடமும் கொடுத்துவிடாதே. ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? அப்பா வாயைத் திறந்து கேட்கமாட்டார், ஆனால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். விரல்களைக் குளிரில் விடாதே. கையுறை போடு.

அந்தக் கணப்பு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். 1926இல் ‘தாப்பியோலா’ என்ற இசைப்படைப்பு. அதற்குப் பிறகு முப்பது வருஷம் பெரிதாக எதுவும் வெளிவரவில்லை. 1940களில் ஒருநாள் அழுக்குத்துணிக் கூடையில் கையெழுத்துப் பிரதிகளை அள்ளிவந்து அந்தக் கணப்பில் போட்டு எரித்தார். எட்டாவது சிம்பொனியும் அதில் போயிருக்கும் என்கிறார்கள். தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அறையை விட்டுப் போய்விட்டேன், அதனால் எதெதை எரித்தார் என்று தெரியாது என்று ஐனோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். எரித்த பிறகு அவர் மனம் லேசானதாகவும் சொன்னார்.

எனக்கு அந்த இடத்தில் கால் நகரவில்லை. நானும் எழுந்து போனவள்தான் கண்ணம்மா.

உன் பதினைந்தாவது வயதில், அந்த மார்ச் மாதக் கச்சேரி. முதல் பகுதியில் வில் நடுங்கி நீ பாதியில் நின்றுவிட்டாய். பியானோ வாசித்தவர் உன்னைப் பார்த்துத் தலையசைத்து மறுபடி ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கோட்டு மாட்டும் இடத்தில், பனியில் நனைந்த கோட்டுகளுக்கு நடுவே நின்றேன். கைதட்டல் மட்டும் கேட்டது. உனக்காக மனம் தாங்காமல் வந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நிஜமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டுத்தான் வந்தேன்.

“இரண்டாவது பகுதி எப்படிம்மா இருந்தது?” என்று காரில் கேட்டாய். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். அப்பாவுக்குக்கூட இது தெரியாது. நீ நின்று, முழுவதும் வாசித்து முடித்திருக்கிறாய். நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை எதையும் சொல்ல வேண்டாம். வயலின் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். வந்து சாப்பிடு, தூங்கு. ஆப்பிள் இன்னும் இரண்டு வாரம் மரத்தில் நிற்கும். குழாயை அதற்குள் சரிசெய்துவிடுவோம், உன் அறைவரை அந்தச் சத்தம் கேட்கிறது.

பழுப்புக் கையுறை ஒரு ஜோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அளவு பெரிதாக இருந்தால் எழுது.

அம்மா