பச்சை நிறத்தில் இருக்கும் எங்கள் வீதி

வெள்ள அபாய வரைபடம் தயாரிக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் பெய்த மழையைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை நீங்களே வந்தீர்கள், தரைப்பாலத்தின் மேல் நின்று படமும் எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் கிளம்பிப் போன பிறகு நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, பனியன் கம்பெனித் துணியை வாங்கி வந்து வீட்டில் வைத்துப் பிசிர் வெட்டிக் கொடுப்பவர். அன்று ராத்திரி அவர் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் கக்கூஸிலிருந்து பொங்கியது. பண்டல்களைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். கட்டிலும் நனைந்ததும் பீரோ மேல் ஏற்றினார். பாதிக்குமேல் அங்கே இடமில்லை. காலையில் சேறு ஏறிய துணியை ஒவ்வொன்றாக உதறி எண்ணிக்கொண்டிருந்தார், காண்ட்ராக்டருக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. எண்ணுவதை நிறுத்தாமலே கேட்டார்: "ஏன் தம்பி, மேப்புல நம்ம வீதி பச்சையாத்தானே இருந்துச்சு?"

பச்சையாகத்தான் இருந்தது. வெள்ள அபாயம் இல்லை என்று அர்த்தம். கூட்டத்தில் நீங்கள் திரையில் காட்டியதைப் போனில் படம் எடுத்து வந்து அவரிடம் காட்டியவனே நான்தான். மழைக்கு முன்னால், பண்டலை மேட்டு வீதியில் இருக்கும் தங்கச்சி வீட்டில் வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் நிலம் அளக்கிற தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். கணினியில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்ப்பது நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தரையின் உயரத்தை நாம் எப்படிக் கொடுக்கிறோமோ, அப்படித்தான் தண்ணீர் அதில் ஓடும். எந்த உயரத் தகவல் என்று கூட்டத்தில் கேட்டேன். 30 மீட்டர் கட்டம் என்றார்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் ஏறக்குறைய 22 சென்ட். அவ்வளவு இடத்துக்கும் ஒரே ஒரு உயரம்! எங்கள் வீதியோரம் ஓடும் பள்ளத்தின், அதாவது ஓடையின், அகலம் இருபது அடி. அந்தக் கட்டத்துக்குள் பள்ளமும் கரையும் கூரையும் ஒன்றாகக் கலந்துபோகும். அப்புறம் தண்ணீர் எங்கே இறங்கும்?

தரைப்பாலத்துக்கு அடியில் மூன்றடிக் குழாய் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் தென்னை மட்டையும் கட்டிங் வேஸ்ட் துணியும் இறுகிக் கிடக்கின்றன, கைவிட்டு இழுத்தாலும் வராது. அந்தக் குழாய்கள் உங்கள் கணக்கில் இல்லவே இல்லை. ஆற்றில் மேலிருந்து வரும் தண்ணீரை மட்டும் ஓடவிட்டிருக்கிறீர்கள். ஊர்மேல் கொட்டி, சிமெண்ட் வீதிகளில் வழிந்து, பள்ளத்தில் வந்து சேரும் மழையை விடவில்லை. அன்றைக்கு எங்களை மூழ்கடித்தது அந்த மழைதான். நொய்யல் ஆறு அன்று கரையைத் தாண்டவே இல்லை.

எனவே கேட்கிறேன்: எங்கள் பள்ளத்தில் இறங்கி நடந்து, அளந்து, அந்த வரைபடத்தைத் திருத்துங்கள்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு சி-ஃப்ளோஸ் என்று ஒரு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. மும்பைக்கு 2020இல் ஐ-ஃப்ளோஸ் வந்தது. நல்லது. இங்கே மட்டும், மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவு நாடு, இங்கே என்ன வெள்ளம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 2011 நவம்பரில் திருப்பூரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பொங்கி உயிர்களைக் கொண்டுபோனதை எப்படி மறந்தோம்? பள்ளத்தை ஒட்டி மனை பிரித்து விற்க அனுமதி கிடைக்கிறது. வாங்குகிறவர் கடன் போட்டுக் கட்டிக் குடியேறிய பிறகு, நீர்வழிப் புறம்போக்கு என்று நோட்டீஸ் போகிறது. விற்றவரை யாரும் கேட்பதில்லை. இதையெல்லாம் எழுதும்போது கை நடுங்குகிறது, மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்.

பள்ளத்தை அளந்து வரைபடத்தைத் திருத்துங்கள். திருத்தியதைத் தமிழில், புல எண்ணோடு, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை அடி தண்ணீர் நிற்கும், எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று அதில் இருக்கட்டும். சிவப்பு வந்தால் மனை விலை இறங்கும் என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீதியில் நாற்பது வீடுகளில் கேட்டுவிட்டேன், சிவப்பு போடச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். நிலம் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி என்னுடையது, கூலி வேண்டாம். குளம் நிறைந்தால் தண்ணீர் வழியும் கலிங்கிலிருந்து ஆறு வரை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அளந்துவிடலாம். சுவர்களில் தண்ணீர் நின்ற கறை இன்னும் அழியவில்லை. உங்கள் கணக்கு சரியா என்று ஒத்துப் பார்க்க அதைவிட நல்ல அளவு கிடைக்காது. ஐப்பசி மழைக்குள், வெள்ளை அடிப்பதற்குள், தயவுசெய்து வாருங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்தோர வீதியில் குடியிருப்பவன்