படத்தில் இருந்த கட்டடம் எங்கே?

பல்கலைக்கழக நகரங்களின் கட்டட அனுமதிக் குழுக்களில் அமர்ந்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

இருபது ஆண்டுகளாகக் கட்டடங்களுக்கு எலிவேஷன், அதாவது முகப்புத் தோற்றப் படம், வரைந்து பிழைப்பவன் நான். உங்கள் மேசைக்கு வரும் 3டி படங்களில் சில என் கையால் வரைந்தவையாகக்கூட இருக்கலாம். அந்தப் படங்களில் வானம் எப்போதும் நீலம். மாடிக்கு மாடி மரம் நிற்கும். கீழே ஒரு பெண் சைக்கிளில் சிரித்தபடி போவாள். மழையில் நனைந்த கட்டடத்தை வரைந்து கொடு என்று எந்த பில்டரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. கேட்காமலே நானாக வரைந்து கொடுத்ததும் இல்லை. அந்த உறுத்தலும் இந்த மடலில் கொஞ்சம் இருக்கிறது.

உயரமான கட்டடமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாணவர்கள் பெருகுகிறார்கள், அறைகள் போதவில்லை, வாடகை ஏறுகிறது. கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கூட்டம் கூடினால் நீங்கள் மணிக்கணக்கில் பேசுவது ஒன்றே ஒன்றைத்தான்: பதினான்கு மாடியா, பன்னிரண்டு மாடியா? கடைசியில் இரண்டு மாடியை வெட்டிவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் வீட்டுக்குப் போகிறீர்கள். வெட்டுப்பட்ட இரண்டு மாடியின் லாபத்தை பில்டர் எங்கிருந்து ஈடுகட்டுவார் என்று யாரும் கேட்பதில்லை. நான் சொல்கிறேன்: முகப்பிலிருந்து. செங்கல் போய்த் தகடு வரும். ஒரு சாண் உள்ளே தள்ளி அமர்ந்திருந்த ஜன்னல், சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். மாடி எண்ணிக்கை மாறவில்லை என்பதால் அது உங்கள் மேசைக்குத் திரும்பி வராது.

ஒரே ஒரு உதாரணம். நான் வேலை செய்த ஒரு மாணவர் விடுதி, ஒன்பது மாடி. அனுமதி பெற்ற வரைபடத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே, சுவரை விட்டு இரண்டு அங்குலம் வெளியே நீட்டிய ஒரு பலகைக்கல். அதன் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு காடி, நீளவாக்கில் வெட்டிய பள்ளம். கல்லின் விளிம்பு வரை வரும் மழைநீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே போக முடியாமல் சொட்டிவிடும், சுவரைத் தொடாது. அவ்வளவுதான் அதன் வேலை. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் அந்தக் கல்லை வரைபடத்திலிருந்து அடித்துவிடப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் திருத்தத்தை வரைந்தவன் நான்தான். இரண்டு மழைக்காலம் போயிற்று. இப்போது ஒவ்வொரு ஜன்னலின் இரு மூலையிலிருந்தும் கறுப்பாக ஒரு கோடு இறங்குகிறது, அழுது மை கரைந்த முகம் மாதிரி. மாடிக்குப் பதினாறு ஜன்னல், ஒன்பது மாடி. நூற்று நாற்பத்து நான்கு அழுமூஞ்சிகள். ஊரில் எல்லாரும் அதை 'அசிங்கமான உயரக் கட்டடம்' என்கிறார்கள். உயரத்தின் மேல் என்ன தப்பு?

பெருநகரத்தில் மோசமான ஒரு கோபுரம் நூறு கோபுரங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். லட்சம், இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரில் அதற்கு ஒளிய இடமில்லை. ஜெர்மனியின் யேனாவைப் பாருங்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அங்கே நகர நடுவில் பழைய வீதிகளை 1969இல் இடித்துத் தள்ளிவிட்டு, நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த ஓர் உருளைக் கோபுரத்தை 1972இல் எழுப்பி முடித்தார்கள். வடிவமைத்தவர் ஹெர்மன் ஹென்செல்மன். லென்ஸ் செய்யும் ஸைஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமாக நினைத்துக் கட்டியது. அதற்குத் தோது இல்லை என்று ஆனதும் பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது. 1990களில் பல்கலைக்கழகமும் வெளியேறிவிட்டது. ஊர் மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் பிஸ்கட் சுருள். அரை நூற்றாண்டாக அந்தப் பிஸ்கட் சுருள் ஊரின் எந்த மூலையிலிருந்தும் கண்ணில் படுகிறது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரமும் பல்கலைக்கழக ஊர்தான். அங்கே ஹென்ரி வான் டெ வெல்டே 1930களில் வடிவமைத்த பல்கலைக்கழக நூலகம் 64 மீட்டர் உயரக் கான்கிரீட் கோபுரம். அதுவும் ஊரின் மேட்டுப் பகுதியில் நிற்கிறது, மறைத்து வைக்கவில்லை. ஆனால் கென்ட் மக்கள் தங்கள் மூன்று இடைக்காலக் கோபுரங்களோடு சேர்த்து அதை நான்காவது கோபுரம் என்று எண்ணுகிறார்கள். அடுக்கடுக்காகப் புத்தகம், அதன் மேல் ஊரையே பார்க்கிற மாதிரி ஒரு மாடம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஏற்ற உருவம் வெளியே. இரண்டு ஊரிலும் கோபுரம் வானத்தை எட்டியது. ஒன்றில் மட்டும்தான் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நம்முடையதைப் போன்ற ஊர்களில் யோசிக்க ஏன் ஆளில்லை? இதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. குடும்பம் குடியேறும் வீட்டை வாங்குபவர் வந்து பார்த்து, தட்டிப் பார்த்து, பேரம் பேசுவார். மாணவர் விடுதியை வாங்குவது ஒரு முதலீட்டு நிதி. வேறு நாட்டில் இருக்கலாம், கட்டடத்தை நேரில் பார்க்காமலே வாங்கி விற்கலாம். குடியிருப்பவர் மூன்று, நான்கு ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் அங்கேயே நிற்பது தெருவும், எதிர்வீட்டுக்காரரும், நீங்களும்தான். தரம் கேட்க வேண்டிய வாடிக்கையாளர் இந்த வியாபாரத்தில் இல்லவே இல்லை. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காராவிட்டால் அது காலியாகவே கிடக்கும்.

அது காலியாகக் கிடந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு சாண்டா பார்பரா ஒரு பாடம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில், கோடீஸ்வரர் சார்லி மங்கர் பெரும் நன்கொடையோடு சேர்த்து வடிவமைப்பையும் தானே கொடுத்தார். 11 மாடி, 4,500 மாணவர்கள், அறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னலுக்குப் பதில் செயற்கை வெளிச்சம். வடிவமைப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த டென்னிஸ் மெக்ஃபேடன் என்ற கட்டடக் கலைஞர் 2021இல் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். அதன்பிறகுதான் விஷயம் உலகுக்குத் தெரிந்தது. 2023இல் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டு வேறு வழி தேடியது. குழுவில் இருந்த ஒருவர் வாயைத் திறந்ததால் வந்த வினை, நல்வினை.

உயரத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் நகர மையத்திலிருந்து 1,200 மீட்டருக்குள் 18.2 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று நீண்டகாலமாக ஒரு விதி இருந்தது. பழைய கோபுரங்களை அது காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரில்தான் காசில் மில் என்ற மாணவர் குடியிருப்பும் எழுந்தது. நான்கைந்து மாடிதான். பழைய மேய்ச்சல் வெளியான போர்ட் மெடோவிலிருந்து பார்த்தால் ஊரின் கோபுரக் காட்சிக்குக் குறுக்கே ஒரு பெட்டி வரிசையாக வந்து நின்றது. மேல்மாடியைக் கழற்றிவிடலாமா என்று பல்கலைக்கழகமே 2015இல் வாக்கெடுப்பு நடத்தும் அளவுக்குச் சண்டை முற்றியது. வேண்டாம் என்று முடிவாயிற்று. பெட்டி உயரம் குறையாமல் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆட்களை நெருக்கமாகக் குடியமர்த்தக் கோபுரம்தான் வழி என்பது கணக்கு அறியாதவர் பேச்சு. 1960களில் கேம்பிரிட்ஜில் லெஸ்லி மார்ட்டின், லயனல் மார்ச் என்ற கட்டடக்கலை ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மனையின் நடுவில் கோபுரமாக நிறுத்தும் அதே தளப்பரப்பை, மனையின் ஓரம் முழுக்கச் சுற்றிக் கட்டி நடுவில் முற்றம் விட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அடக்கிவிடலாம். கோபுரத்தைச் சுற்றிக் கிடக்கும் துண்டு நிலம் கார் நிறுத்தவும் காற்றுச் சுழலவுமே ஆகிறது. காற்று என்றது பேச்சுக்கு இல்லை: உயரச் சுவரில் மோதும் காற்று கீழ்நோக்கி இறங்கி மூலையில் வேகமெடுக்கும். லீட்ஸ் நகரில் 2011இல் அப்படி ஓர் உயரக் கட்டடத்தின் அடியில் லாரியே கவிழ்ந்து ஒருவர் உயிர் போனது. எல்லா மனைக்கும் முற்றம் பொருந்தாது, தெரியும். பொருந்துமா என்று பார்த்தீர்களா என விண்ணப்பக்காரரிடம் கேட்பதற்குக் காசா, பணமா?

முகப்பு வெறும் அழகு சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு: 2019 நவம்பரில் இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஒரு மாணவர் விடுதி எரிந்தது. தீ வெளிச்சுவரில் பதித்த பலகைகளைப் பற்றிக்கொண்டு ஏறியது. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். வெளியே எதைப் பூசுகிறோம் என்பதற்கு உயிர்க்கணக்கும் உண்டு.

இனி நான் கேட்பது. இங்கிலாந்தில், லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் குடியிருப்பில் பரவிய தீக்குப் பிறகு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 மீட்டரோ ஏழு மாடியோ எட்டும் குடியிருப்புகளில், அனுமதி வாங்கிய பிறகு பாதுகாப்பைத் தொடும் பெரிய மாற்றம் எதையும் கேட்காமல் செய்ய முடியாது. பாதுகாப்புக்கு முடிகிற இந்தக் கட்டுப்பாடு முகப்புக்கும் முடியும். மாடி எண்ணிக்கையைப் போலவே பொருளின் பெயரையும் ஜன்னலின் ஆழத்தையும் அனுமதித் தாளிலேயே எழுதுங்கள். மாற்ற வேண்டுமானால் அதே குழுவுக்கு, அதே பொதுக் கூட்டத்துக்கு வரட்டும். வேலை தொடங்கும் முன் மனையிலேயே ஒரு ஆள் உயரத்துக்கு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லுங்கள்: ஒரு ஜன்னல், அதன் கீழ்க்கல், ஒரு மூலை, பொருள்கள் சேரும் இடுக்கு. பக்கெட் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். நீங்களே ஊற்றுங்கள், அதிகாரியை அனுப்பாதீர்கள். கட்டடம் முடியும் வரை அந்தச் சுவர் அங்கேயே நிற்கட்டும்.

படம் வரைந்த கட்டடக் கலைஞரையே கடைசிவரை வைத்திருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாகட்டும். அனுமதி கிடைத்த மறுவாரம் பேர்போன அலுவலகத்தைக் கழற்றிவிட்டு, மலிவான வேறொருவரிடம் வரைபடத்தைக் கொடுப்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அந்த 'வேறொருவர்' வேலையைப் பலமுறை நானே வாங்கிச் செய்திருக்கிறேன். என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை.

அடுத்த விண்ணப்பம் வரும்போது நீலவானப் படத்தோடு இன்னொரு படமும் கேளுங்கள். கட்டி முடித்து ஐந்து வருடம் ஆன பிறகு, மழை விட்ட மாலையில், எதிர்த் தெருவில் நிற்பவரின் கண்மட்டத்திலிருந்து. சைக்கிள் பெண் வேண்டாம். அரை நாள் வேலைதான், நான் வரைந்து தருகிறேன்.

இப்படிக்கு,
எலிவேஷன் வரைபவன்